பீரோ சாவி யார் கையில்? - பள்ளி நூலகத்துக்கு உயிர் கொடுக்கும் 9 எளிய வழிகள்!

நான் படித்த பள்ளியில் ஒரு பச்சை நிற இரும்பு பீரோ இருந்தது. தலைமையாசிரியர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால். 'நூலகம்' என்று வெள்ளை பெயின்ட்டில் அதன் மேல் எழுதியிருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அந்த பீரோவை நான் தினமும் பார்த்தேன். அது திறந்து பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் ஆய்வுக்கு அதிகாரிகள் வந்த நாள்!

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு பீரோ நினைவில் இருக்கும். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால், ஒன்று காணாமல் போனாலும் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் அவருக்கு. அதனால் பூட்டு. புத்தகமும் பத்திரம், பதிவேடும் பத்திரம். படிக்க வேண்டிய பிள்ளைதான் வெளியே நிற்கிறது.

அந்தப் பூட்டை எப்படித் திறப்பது? திறந்த பிறகு என்ன செய்வது? வாங்க, பேசுவோம். பேச்சைத் தொடங்க ஓர் ஊர் இருக்கிறது... பிரம்மதேசம்!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கு

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தப் பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில். இன்னொன்று, விழுப்புரத்துக்கு வடமேற்கே, எண்ணாயிரம் என்ற ஊருக்குப் பக்கத்தில். அந்தணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊரை 'பிரம்மதேயம்' என்பார்கள். பிரம்மதேசம் என்ற பெயரிலும் அந்தச் சாயல் தெரிகிறது.

எண்ணாயிரத்தில் ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது. அங்குள்ள முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பள்ளிக்கூடக் கணக்கைச் சொல்கிறது. இளநிலை மாணவர்கள் 270 பேர். முதுநிலை மாணவர்கள் 70 பேர். ஆசிரியர்கள் 14 பேர். இளநிலை மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல் என்று சாப்பாட்டுக் கணக்கு வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். படிக்கிற பிள்ளை பசியோடு இருக்கக் கூடாது என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள் என்பது ஆச்சர்யம்தான்.

ஆனால், அது வேதமும் இலக்கணமும் படித்த சிலருக்கான கல்விச்சாலை. அதே ஊரில் ஏர் ஓட்டியவர் வீட்டுப் பிள்ளைக்கும், மண்பானை செய்தவர் வீட்டுப் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. இன்று நிலைமை வேறு. எந்த வீட்டுக் குழந்தையும் அரசுப் பள்ளிக்குள் நுழையலாம். மதிய உணவு உண்டு, காலை உணவும் வந்துவிட்டது. பள்ளிக் கதவு எல்லாருக்கும் திறந்துவிட்டது. பீரோ கதவு ஒன்றுதான் பாக்கி!

பாடப்புத்தகம் இருக்கிறதே, அப்புறம் எதற்கு கதைப்புத்தகம்?

பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. அதற்குப் பதில் சொல்ல ஒரு புள்ளிவிவரம் உதவும். 'பிரதம்' அமைப்பு நடத்தும் 'அசர்' ஆய்வு, கிராமப்புறக் குழந்தைகளின் வீட்டுக்கே போய் அவர்களை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. நாடு முழுக்க 2018-ல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் 50.5 சதவிகிதம் பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தார்கள். கொரோனா விடுமுறைக்குப் பிறகு, 2022-ல் அது 42.8 சதவிகிதமாகக் குறைந்தது. அதாவது, பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் மூன்று வகுப்புகள் பின்தங்கி நிற்கிறார்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை, ஒரு வரியின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல்லை மறந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு அறிவியலும் புரியாது, கணக்கில் வரும் வாக்கியக் கேள்வியும் புரியாது. 'மக்கு' என்று ஒரு பட்டம் மட்டும் சீக்கிரம் கிடைத்துவிடும். சைக்கிள் ஓட்டுவதைப்போல, வாசிப்பும் நிறைய ஓட்டினால்தான் வரும். வருடத்துக்கு ஒரு தமிழ்ப் பாடப்புத்தகம் அதற்குப் போதாது. பிடித்த கதை என்றால் பிள்ளை தானே பத்து முறை படிக்கும். அதுதான் பயிற்சி.

திண்டிவனம், மரக்காணம் பக்கம் உப்பளத்துக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. இருளர் குடியிருப்புகள் உண்டு. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் இருக்கும் புத்தகம்தான் ஒரே புத்தகம். வசதியான வீட்டில் பள்ளி நூலகம் பூட்டியிருந்தால், அப்பா கடையில் வாங்கித் தருவார். இந்தக் குழந்தைகளுக்கு அந்த பீரோ பூட்டியிருந்தால், எல்லாமே பூட்டியதுதான்.

நம்மிடம் இல்லாதது ஒன்றுமில்லை!

நூலக விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன், சீர்காழியில் பிறந்தவர். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. பழங்கால ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டிவைத்ததை அதில் விவரித்துவிட்டு, புத்தகத்தின் பெருமை பத்திரமாக இருப்பதில் இல்லை, பயன்படுவதில்தான் என்பதை முதல் விதியாகவே வைத்தார். அதே 1931-ல் மன்னார்குடி பக்கம், மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளையின் முயற்சியில், மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள்... நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ஒரு ரூபாய் சொத்து வரிக்கு 10 பைசா! நூலகத்துக்கு நாம் எல்லாரும் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பள்ளிகளுக்கும் வழிகள் இருக்கின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. பள்ளிக்கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்காக 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 'தேன்சிட்டு' என்ற இதழ்களைக் கொண்டுவந்தது. 'வாசிப்பு இயக்கம்' மூலம் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னக் கதைப்புத்தகங்கள் வந்தன. பெயரே அழகாக இருக்கிறதல்லவா? எழுத்துக்கூட்டும் பிள்ளை 'நுழை'யில் தொடங்கி, சரளமானதும் 'பற'வுக்குப் போகலாம்.

இன்னொரு சேதி. கொரோனா கால இடைவெளியைச் சரிசெய்ய வந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டதே இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான். 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்! மாலை நேரத்தில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதையும் பாட்டுமாகச் சொல்லித்தந்தார்கள். கட்டடம் இல்லாமலும் வாசிப்பு நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆக, புத்தகம் இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது. பிள்ளைகளையும் புத்தகங்களையும் சேர்த்துவைக்கும் வேலைதான் மிச்சம். அதற்கான வழிகள் இதோ...

1. பீரோவிலிருந்து கயிற்றுக்கு!

வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டுங்கள். புத்தகங்களை விரித்து அதில் தொங்கவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 'புத்தகப் பூங்கொத்து' என்ற பெயரில் இதைச் செய்தார்கள். பீரோவில் அடுக்கினால் புத்தகத்தின் முதுகுதான் தெரியும். கயிற்றில் தொங்கினால் அட்டைப்படம் தெரியும். யானையும் குரங்கும் கூப்பிட்டால் எந்தப் பிள்ளை போகாமல் இருக்கும்? ஒரே நேரத்தில் 30 புத்தகம் போதும். மாதம் ஒருமுறை மாற்றிப் போடுங்கள்.

2. நூலகர் பதவி பிள்ளைகளுக்கே!

வகுப்புக்கு இரண்டு பேர், மாதம் ஒரு ஜோடி. ஒரு நோட்டில் நான்கு கட்டம்: பெயர், புத்தகம், எடுத்த நாள், கொடுத்த நாள். அவ்வளவுதான் அலுவலகம்! சேட்டை பண்ணுகிற பிள்ளைக்கு முதலில் இந்தப் பதவியைக் கொடுத்துப் பாருங்கள். புத்தகம் வீட்டுக்கும் போக வேண்டும். வீட்டுக்குப் போனால்தான் தம்பி, தங்கையும் பார்ப்பார்கள்.

3. கிழிந்தால் ஆஸ்பத்திரி உண்டு

கிழியத்தான் செய்யும். கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். அபராதம், அடி, மிரட்டல் என்று போனால், பிள்ளை மறுபடி புத்தகத்தைத் தொடாது. ஓர் அட்டைப்பெட்டியில் பசை, டேப், கத்தரிக்கோல் வைத்து 'புத்தக ஆஸ்பத்திரி' என்று எழுதிவிடுங்கள். கிழித்தவரே டாக்டர்! தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிறுவர் புத்தகம் தேய்வது இயல்பு என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதிவையுங்கள். பொறுப்பாசிரியரின் பயம் பாதி குறைந்துவிடும்.

4. தினமும் பத்து நிமிடம்

ஜப்பானில் 1988-ல், சிபா பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் 'காலை வாசிப்பு' என்று ஒன்றைத் தொடங்கினார். முதல் பாடவேளைக்கு முன் பத்து நிமிடம். நான்கே விதிகள். எல்லாரும் வாசிக்க வேண்டும், ஆசிரியரும் சேர்த்து. தினமும் வாசிக்க வேண்டும். பிடித்த புத்தகத்தை வாசிக்கலாம். வாசித்தால் மட்டும் போதும், வேறெதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு பள்ளியில் தொடங்கியது, பிறகு அந்த நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. வாரம் ஒரு நூலகப் பாடவேளை இருந்தால் நல்லது. ஆனால், தேர்வு நெருங்கும்போது முதலில் காணாமல் போவது அந்தப் பாடவேளைதான். பத்து நிமிடத்தை யாரும் பிடுங்க மாட்டார்கள்.

5. வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு 'படி' என்றால் எப்படிப் படிக்கும்? முதலில் கேட்கட்டும். ஆசிரியர் புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, படத்தைக் காட்டி, குரலை ஏற்றி இறக்கி வாசிக்கட்டும். பக்கத்தைத் திருப்பும் முன் நிறுத்துங்கள். "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சரியான விடை என்று எதுவும் கிடையாது. வாசித்து முடித்த புத்தகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டால், இடைவேளையில் அதை எடுக்கப் போட்டி நடக்கும். கதை தெரிந்துவிட்டதால் எழுத்துக்கூட்டும் பிள்ளையும் தைரியமாகத் தொடங்கும்.

6. அக்கா - தம்பி ஜோடி

எட்டாம் வகுப்பு அக்கா, மூன்றாம் வகுப்புத் தம்பிக்கு வாரம் ஒரு நாள் கதை வாசிக்க வேண்டும். இதில் ஒரு ரகசிய லாபம் இருக்கிறது. எட்டாம் வகுப்பிலேயே திணறித் திணறி வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. 'நுழை' படிநிலைப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்தால் அவமானமாக நினைப்பார்கள். தம்பிக்கு வாசித்துக் காட்டுவதற்காக என்றால், முந்தின நாளே நான்கு முறை பயிற்சி செய்துகொண்டு வருவார்கள். யாருக்கும் தலைகுனிவில்லை, இரண்டு பேரும் கற்றுக்கொள்கிறார்கள்.

7. 'கதையின் நீதி என்ன?' வேண்டாமே!

நிறைய பேர் செய்கிற தவறு இது. பிள்ளை புத்தகத்தை மூடியதும் 'சுருக்கம் எழுது', 'நீதி சொல்' என்று கேட்கிறோம். அடுத்த புத்தகத்தைத் தொடும்போதே பிள்ளைக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம்: கதையின் முடிவை மாற்றிச் சொல்வது, நரிக்கு ஒரு கடிதம் எழுதுவது, பிடித்த காட்சியை வரைவது, நான்கு பேர் சேர்ந்து ஐந்து நிமிட நாடகம் போடுவது. சுவரில் ஒரு காய்ந்த கிளையைக் கட்டி, பிடித்த புத்தகத்தின் பெயரை இலை வடிவக் காகிதத்தில் எழுதித் தொங்கவிடச் சொல்லுங்கள். இரண்டே மாதத்தில் மரம் துளிர்த்துவிடும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு. நாமே எத்தனை புத்தகத்தைப் பாதியில் வைத்திருக்கிறோம்!

8. பிள்ளைகளே புத்தகம் போடட்டும்

ஒரு தாளை எட்டுக் கட்டமாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் தயார். செலவு ஒரு தாள். அதில் என்ன எழுதுவது? பாட்டி சொன்ன கதை. உப்பளத்தில் அம்மா பயன்படுத்தும் சொற்கள். ஏரியில் வரும் பறவைகள். ஊர்ப்பெயர் வந்த கதை. எண்ணாயிரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் கல்வெட்டே கதைதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவன் என்ன சாப்பிட்டான் என்று அவர்கள் எழுதினால், அதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எது? அந்தக் குட்டிப் புத்தகங்களையும் கயிற்றில் தொங்கவிடுங்கள். தான் எழுதிய புத்தகம் நூலகத்தில் இருப்பதைப் பார்க்கும் பிள்ளை, மற்ற புத்தகங்களையும் வேறு கண்ணோடு பார்க்கும்.

9. ஊர் நூலகத்தோடு ஒரு பாலம்

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். குழந்தைகள் தினத்தில் தொடங்குகிறது. அந்த வாரத்தில் ஒரு நாள், பிள்ளைகளைப் பக்கத்திலுள்ள கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ நடத்திக் கூட்டிப்போங்கள். உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டாலும் வாசிப்பு தொடரும். வேலைக்காகக் குடும்பத்தோடு வெளியூர் போகும் பிள்ளையின் பையில் ஐந்து புத்தகங்களை வைத்து அனுப்புங்கள். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை.

பெற்றோரே, இது உங்களுக்கு!

'எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?' என்று தயங்கும் அம்மாக்களுக்கு: நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கேட்டால் போதும். சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை வாசிக்கட்டும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டாம்.

இந்தக் கட்டுரையை செல்போனில்தானே படிக்கிறீர்கள்? அதே செல்போனில் 'பிரதம் புக்ஸ்' நடத்தும் 'ஸ்டோரிவீவர்' தளத்துக்குப் போனால், படங்களோடு தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தரவிறக்கிக்கொள்ளலாம், அச்செடுத்துப் பள்ளிக்கும் கொடுக்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987-லிருந்து பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிவருகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் சிறுவர் நூல்கள் விலை குறைவு. தூலிகா தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழியிலும் படக்கதைகள் போடுகிறது. பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ட்ரன்' வரிசையில் நிறைய சிறுவர் நூல்கள் இருக்கின்றன.

வெளியூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்களே, படித்த பள்ளிக்கு உதவ 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் இருக்கிறது. ஒரு வேண்டுகோள் மட்டும். வீட்டைக் காலி செய்யும்போது பழைய கைடுகளையும் கிழிந்த வார இதழ்களையும் மூட்டை கட்டிப் பள்ளியில் இறக்கிவிடாதீர்கள். பெரிய எழுத்து, நல்ல படம், பிள்ளைகள் சிரிக்கிற கதை - இப்படிப் பத்துப் புத்தகம் போதும்.

சாவி யார் கையில்?

எண்ணாயிரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 340 பேருக்கு இருந்த இடம், இன்று சட்டப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. அதை உண்மையாக்கும் கடைசி வேலை மிகச் சின்னது. ஒரு சாவி, ஒரு கொடிக்கயிறு, பத்து நிமிடம், அவ்வளவுதான்.

நான் படித்த பள்ளியின் பச்சை பீரோ இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த முறை ஊருக்குப் போகும்போது கையில் ஒரு கொடிக்கயிறோடு போய்ப் பார்க்கப்போகிறேன். நீங்களும் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு அடுத்த முறை போகும்போது, மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்...

"சார், நூலக பீரோ சாவி யார் கையில் இருக்கு?"